சங்கரதாஸ சுவாமிகளும் நாடக வேடமும்

இராமநாதபுரம் சீமையிலே பங்குனி, சித்திரை மாதங்களில் ஊர்வழி செல்வோர் ஒரு காட்சியைக் காணாது திரும்புதல் அரிது. மாரியம்மனுக்கோ ஐயனாருக்கோ விழா எடுக்கும் ஊர்களில் ஊரார் வரி கூட்டி, மேடை கட்டி, இரவு பத்து மணிக்குத் தொடங்கி விடிவெள்ளி முளைக்கும்வரை நாடகம் நடத்துவர். முதுகுளத்தூர், கமுதி, பரமக்குடி வட்டங்களின் உள்நாட்டூர்களிலும், பாம்பனை நோக்கிச் செல்லும் கடற்கரை யூர்களிலும் இன்றும் இவ்வழக்கம் உண்டு. ஸ்பெஷல் நாடகம் என்பது இதற்குப் பெயர். இந்நாடகத்தின் விந்தை யாதெனில், நடிக்க வருவோர் ஒரு குழுவினர் அல்லர். ராஜபார்ட்காரர் ஓரூரிலிருந்தும், ஸ்திரீபார்ட்காரி மற்றோரூரிலிருந்தும், பபூனும் ஹார்மோனியக்காரரும் வேறு வேறூர்களிலிருந்தும் தனித்தனியே வந்து சேர்வர். ஒத்திகை என்பது கிடையாது. ஒவ்வொருவரும் தம் வேடத்திற்குரிய உடை, நகை, முடி, முகப்பூச்சு அனைத்தையும் தம் பெட்டியிலேயே கொணர்ந்து, மேடைக்குப் பின்னே பாய் விரித்து அமர்ந்து, தாமே புனைந்துகொள்வர். பின்னர் இரவு முழுவதும் ஒரு கதையை ஒரு குறையுமின்றி நடத்தி முடிப்பர்.

முன்பின் பழகாதார் இவ்வாறு கூடி நடித்தல் எங்ஙனம் இயலும்? அவர்கள் அனைவரும் மனப்பாடம் செய்திருக்கும் நாடகங்கள் பெரும்பாலும் ஒருவர் இயற்றியவை என்பதே இதற்கு விடை. அவர் 1922-ஆம் ஆண்டிலே மறைந்தவர். நாடக உலகினர் தலைமையாசிரியர் என்று போற்றும் தவத்திரு சங்கரதாஸ சுவாமிகள். இவர்தம் பாட்டையும் உரையாடலையும் பற்றி எழுதினோர் பலர். ஈண்டு யான் எழுதப் புகுந்தது அவர் வாழ்வில் வேடம் பெற்ற இடத்தைப் பற்றியது. நம் கல்லூரி விழாவுக்கு நாடகம் போடும் மாணவர்கள் வாடகைக் கடையிலிருந்து கிரீடமும் சரிகைச் சட்டையும் கொணர்ந்து, அளவு சரியாயிருந்தால் போதும் என்று மகிழ்வதை நாம் கண்டிருக்கிறோம். வேடம் அத்துணை எளிய பொருள்தானா என்பதைச் சுவாமிகள் வாழ்க்கை நமக்குச் சிந்திக்கத் தருகின்றது.

தூத்துக்குடிக்கு அருகிலுள்ள காட்டுநாயக்கன்பட்டி என்னும் சிற்றூரில் 1867-ஆம் ஆண்டு செப்டம்பர் 7-ஆம் நாள் அவர் பிறந்தார். தந்தையார் பெயர் தாமோதரன், தாயார் பேச்சியம்மாள். பெற்றோர் இட்ட பெயர் சங்கரன். தந்தையார் தமிழ் கற்றவராதலின் முதற் கல்வி இல்லத்திலேயே அமைந்தது. பின்னர்ப் பழனித் தண்டபாணி சுவாமிகளை அடைந்து இலக்கண இலக்கியங்களைப் பாடங் கேட்டார். உடுமலை முத்துசாமிக் கவிராயரும் அவ்வாசிரியரிடம் பயின்றவரே. வெண்பாவும் கலித்துறையும் வண்ணமும் விரைந்து பாடும் திறம் இளமையிலேயே இவருக்கு வாய்த்தது. எனினும் புலமை சோறிடாது என்பது தமிழ்நாட்டில் பழைய செய்தி. ஆகவே சில காலம் தூத்துக்குடி உப்புப் பண்டகசாலையில் கணக்கராக அமர்ந்தார். உப்பு மூட்டைகளை எண்ணி எழுதும் வேலையில் அவர் மனம் ஒன்றவில்லை போலும்; தமது 24-ஆம் வயதில், 1891-ஆம் ஆண்டில், அதனை விடுத்து நாடகம் புகுந்தார். அதே ஆண்டிலேதான் சென்னையில் பம்மல் சம்பந்த முதலியார் தம் நண்பர்களுடன் சுகுண விலாச சபையைத் தொடங்கினார். சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் தமிழாசிரியராயிருந்த பரிதிமாற் கலைஞர் நாடகவியல் என்னும் இலக்கண நூலை இயற்றியதும் அடுத்த சில ஆண்டுகளுக்குள்தான். அவ்விருவரும் கற்றோர் அவையில் நின்று நாடகத்தைச் சீர்திருத்தியவர்கள். சங்கரதாஸரோ ஊரூராய்க் கொட்டகை போட்டுப் பிழைக்கும் தொழில் நாடகத்தாரிடையே சென்று சேர்ந்தார்.

அக்காலத்து மேடையின் கோலத்தைச் சிறிது விளக்குதல் வேண்டும். ஆடையணியாலும் ஒப்பனையாலும் பொருள் புலப்படுத்துவதை வடநூலார் ஆகாரிய அபிநயம் என்று நால்வகை அபிநயத்துள் ஒன்றாக வைத்தனர். நம் சிலப்பதிகாரமோ ஒருமுக எழினி, பொருமுக எழினி, கரந்துவரல் எழினி என மூவகைத் திரைகளைக் கூறுவதோடு, மாதவி ஆடிய பதினோராடல்களை அவ்வவற்றிற்குரிய கோலத்தோடு ஆடியதாகவும் காட்டுகின்றது. ஆயின் இவையெல்லாம் ஏட்டளவில் நின்றுபோயின. நாட்டுப்புறத்தே வாழ்ந்தது தெருக்கூத்து. அதில் வேடக்காரர் மரத்தாற் கடைந்து கண்ணாடிச் சில்லும் ஜிகினாத்தாளும் ஒட்டிய முடியும் புயக்கட்டையும் மார்ப்பதக்கமும் அணிவர். முகத்தில் அரிதாரம் பூசுவர். தீவட்டி வெளிச்சத்தில் அக்கண்ணாடிச் சில்லுகள் மின்னும்போது, வைக்கோற் பரப்பின் கடைசியில் அமர்ந்திருக்கும் கிழவனுக்கும் அரசன் வந்துவிட்டான் என்பது விளங்கும். வேடம் இவ்வாறு பெருகியதற்குக் காரணம் வெளிச்சக் குறைவே என்பது என் கருத்து.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் பார்சி நாடகக் குழுவினரின் முறை தெற்கே பரவிற்று. எழுதிய திரைச்சீலை, பக்கத் தட்டிகள், வெல்வெட்டுச் சட்டை, சரிகைக் கரை, செயற்கை முத்துமாலை முதலியன அவ்வழி வந்தன. புராண அரசனும் தமிழ் அரசனும் வடநாட்டு நவாபும் ஒரே வெல்வெட்டுச் சட்டைக்குள் புகுந்துகொண்டனர். இராமநாதபுரத்து இராமலிங்க விலாசத்தில் சேதுபதி மன்னர்களின் உருவங்கள் சுவரோவியமாகத் தீட்டப்பட்டுள்ளன. இந்நாட்டு அரசர் எவ்வாறு உடுத்தனர், எவ்வாறு கொலுவிருந்தனர் என்பதற்கு அதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை. ஆயினும் அதற்கு நாலு காதத் தொலைவில் ராஜபார்ட் கட்டிய நடிகர் எவரேனும் அச்சுவரைப் பார்த்துத் தம் உடையைத் தைப்பித்திருப்பார் என்று நான் நம்பவில்லை. மேடை அரசனுக்கு உண்மை அரசன் தேவைப்படவில்லை. தொலைவிலிருந்தும் அரசன் என்று தெரிந்தால் போதுமானதாயிருந்தது.

இத்தகைய மேடையிலேதான் சங்கரதாஸர் நடிகராய் ஏறினார். இராமுடு ஐயர், கல்யாணராமையர் ஆகியோர் நடத்திய குழுவில் முதலிலும், பின்னர்ச் சாமி நாயுடு நாடக சபையிலும் அவர் பணிபுரிந்தார். அவருக்கு அமைந்த வேடங்கள் இரணியன், இராவணன், எமதருமன், சனீசுவரன் என்பன. ஓங்கிய உருவமும் இடியொத்த குரலும் வாய்ந்த அவருக்கு வேறு வேடம் பொருந்தியிராது என்பர். அக்கால வழக்கப்படி எமன் வேடத்திற்குக் கரிய முகம், சிவந்த விழியோரம், முறுக்கிய பெருமீசை, கையில் பாசக்கயிறும் தண்டமும் உண்டு. மேடையின் முன் விளிம்பிலே, தரையோடு தரையாக, விளக்குகள் வரிசையாக வைக்கப்பட்டிருக்கும். நாள்தோறும் நாம் காணும் முகங்களில் ஞாயிற்றின் ஒளி மேலிருந்து விழுகின்றது. நிழல் கண்ணுக்குக் கீழும் மூக்குக்குக் கீழும் தங்குகின்றது. மேடையிலோ ஒளி கீழிருந்து எழுகின்றது. புருவத்தின் நிழல் நெற்றிமேல் ஏறுகின்றது. தாடை பெருத்துத் தோன்றுகின்றது. பழகிய முகமும் அவ்வொளியில் பழகாத முகமாய்விடும். அதன்மேல் கரியும் செந்தூரமும் பூசி, மேலே இடிக்குரலும் சேர்ந்தால் அவையோர் நிலை என்னாகும் என்பதை எண்ணிக்கொள்க.

அது என்னாயிற்று என்பதை அவர்தம் மாணாக்கர் வழிவழியாகச் சொல்லிவந்திருக்கின்றனர். ஒருமுறை சாவித்திரி நாடகத்தில் எமனாக அவர் பாசத்தைச் சுழற்றி முழங்கி வந்தபோது, அவையில் அமர்ந்திருந்த கருவுற்ற பெண்ணொருத்தி அஞ்சி நடுங்கிக் கருச்சிதைவுற்றாள். இது ஒரு செய்தி. மற்றது நளன் கதையில் அவர் சனீசுவரனாக நடித்த இரவைப் பற்றியது. நாடகம் முடிந்து, பொழுது விடியாத வேளையில், வேடத்தைக் களையாமலே முகத்தைக் கழுவ நீர்நிலைக்குச் சென்றார். அங்குத் தனியே வந்த பெண்ணொருத்தி அக்கோலத்தைக் கண்டாள். கண்ட மாத்திரத்தில் அலறி வீழ்ந்து உயிர் நீத்தாள்.

இவ்விரண்டாம் செய்தியே என் மனத்தில் நெடுநாள் தங்கியது. முகப்பூச்சு வெறும் நீரால் எளிதிற் போவதன்று. எண்ணெய் தடவித் துடைத்துப் பின்னரே கழுவவேண்டும். இரவெல்லாம் கண்விழித்து நின்ற நடிகன், வெளிச்சம் வருமுன் குளத்தங்கரைக்கு நடப்பது தொழிலில் இயல்பான செயல். அவன் மனத்தில் அப்போது வேடம் ஏற்கெனவே முடிந்துவிட்டது. கழுவிப்போட வேண்டிய அழுக்காகவே அது எஞ்சியிருக்கின்றது. அப்பெண்ணோ நாடகம் பார்த்தவளாய் இருக்க வேண்டுவதில்லை. அவள் முன்னே திரையில்லை, விளக்கில்லை, ஹார்மோனியம் இல்லை, பக்கத்தில் நகைத்து அச்சம் தீர்க்கும் மக்களும் இல்லை. மேடை என்னும் வேலியினுள் நிற்கும்வரை வேடம் வேடமாயிருக்கின்றது. வேலியைத் தாண்டி ஒற்றையடிப் பாதைக்கு வந்த அளவில், சனியே எதிர்வந்ததாக ஓர் ஏழைப் பெண்ணின் உயிர் நம்பிவிட்டது.

கிரேக்க நாட்டு நாடகப் புலவர் எஸ்கிலஸ் என்பாரைப் பற்றியும் இதனை ஒத்த ஒரு கதை உண்டு. கி. மு. 458-இல் ஏதென்ஸ் நகரத்தில் அவர் இயற்றிய யூமெனிடிஸ் என்னும் நாடகம் நடந்தபோது, பழிவாங்கும் தேவதைகளாக வந்த கூட்டத்தாரின் கோலத்தைக் கண்டு சிறுவர் மூர்ச்சித்தனர், கருவுற்ற மகளிர் கருச்சிதைவுற்றனர் என்று அவர் வரலாறு கூறும். பிற்கால அறிஞர் அதனை ஐயுறுவர். நம் சுவாமிகள் கதையையும் அங்ஙனம் ஐயுறுவோர் இருக்கலாம். வழிவழி வரும் செய்தி சொல்வோர் வாயில் சற்று வளர்தலும் இயல்பே. ஆயின் எஸ்கிலஸ் அதனாற் பேனாவைக் கீழே வைத்தார் என்றோ, அத்தேவதைகளின் கோலத்தை மாற்றினார் என்றோ எவரும் கூறவில்லை. சங்கரதாஸர் செய்தது வேறு. புகழின் உச்சியில், கொடும் வேடங்களுக்கு அவரினும் மிக்கார் இல்லை என்று மக்கள் கொண்டாடிய காலத்திலே, இனி வேடம் புனைவதில்லை என்று ஒதுங்கினார். நாடகம் பற்றிப் பேசுவோர் பலர் இந்நிகழ்ச்சியை நடிப்பின் வெற்றிக்குச் சான்றாக எடுத்தோதிக் கைதட்டுப் பெறுகின்றனர். அவர் அதனை வெற்றியாகக் கருதியிருந்தால் மறுநாளும் கரி பூசிக்கொண்டிருப்பார் அல்லவா?

சாமி நாயுடு சபையில் ஆசிரியராயிருந்த பின் அவருக்கு உலகப்பற்று நீங்கும் நிலை உண்டாயிற்று. சபையை விட்டு முருகன் திருப்பதிகள்தோறும் யாத்திரை புறப்பட்டார். வெல்வெட்டும் சரிகையும் கிரீடமும் தரித்த உடம்பிலே அரைத்துணியன்றி வேறில்லை. சங்கரதாஸரை மக்கள் சுவாமிகள் என்று அழைக்கத் தொடங்கியது அது முதலே. அவர் இல்லறம் மேற்கொள்ளவில்லை. யாத்திரையின் முடிவில் புதுக்கோட்டை சென்று சேர்ந்தபோது, கஞ்சிரா வாத்தியத்தைக் கச்சேரி மேடையேற்றிய லயமேதை மான்பூண்டியா பிள்ளை அவரைத் தம் புதல்வர்போல் ஏற்று இல்லத்தில் வைத்துக்கொண்டார். தாளத்தின் நுட்பங்களை அங்கே அவர் கண்டுணர்ந்தார். பின்னர்ப் பிள்ளையவர்களின் வற்புறுத்தலாலும் பிறர் வேண்டுகோளாலும் மீண்டும் நாடகத்திற்கே வந்தார். வள்ளி வைத்தியநாதையர், அல்லி பரமேசுவரையர் முதலியோர் குழுக்களில் ஆசிரியராக இருந்தார். இம்முறை அவர் நின்ற இடம் திரைக்குப் பின்புறம்.

அவர் இயற்றிய நாடகங்கள் நாற்பதுக்கு மேற்பட்டவை. வள்ளி திருமணம், பவளக்கொடி, அல்லி அர்ச்சுனா, கோவலன், சத்தியவான் சாவித்திரி, நல்லதங்காள், பிரகலாதன், அரிச்சந்திரன், சுலோசனா சதி, அபிமன்யு சுந்தரி முதலியவற்றை அறியாத நாடகக்காரர் தென்னாட்டில் இல்லை. இவற்றை வேடம் என்னும் ஒரு கண்கொண்டு படித்துப் பார்த்தால் வியப்பான செய்தியொன்று தோன்றும். கதை முன்னே செல்வதற்கு வேடமாற்றமே இவற்றுட் பலவற்றில் வழியாயிருக்கின்றது. வள்ளி திருமணத்தில் முருகன் வேடனாய் வருகிறான், விருத்தனாய் வருகிறான். இறுதியிலே தன் உருவில் நிற்கிறான். அல்லியை அடைய அர்ச்சுனன் கொள்ளும் மாற்றுருவங்களோ பல. விருத்தன் வேடத்துக்கு ஒரு வெண்தாடியும் ஒரு தடியும் ஒரு கந்தலும் போதும். அக்கந்தலுக்குள் நிற்பவன் முருகன் என்பது அவையோர்க்குத் தெரியும், வள்ளிக்குத் தெரியாது. இந்த இடைவெளியிலேதான் நகையும் காதலும் வாக்குவாதமும் விளைகின்றன. பொருள் மிகுந்த கம்பெனியின் உடைப்பெட்டியை நம்பி எழுதாமல், உடை எதனை மறைக்கிறது என்பதை நம்பி எழுதினார் என்று சொல்லத் தோன்றுகின்றது.

அரிச்சந்திரன் கதை இதற்கு எதிர்முகமானது. அங்கே வேடம் கூடுவதில்லை, குறைந்துகொண்டே போகின்றது. அரசன் முடியை இழக்கிறான், அணியை இழக்கிறான், மனைவியையும் மகனையும் விற்கிறான், முடிவில் சுடலை காக்கும் அடிமையாய்க் கையில் ஒரு கோலுடன் நிற்கிறான். காற்பணமும் முழத்துண்டும் வாய்க்கரிசியும் கொடுத்தாலன்றிப் பிணம் சுடலாகாது என்று தன் மனைவியையே தடுக்கிறான். முதற்காட்சியில் எந்த உடம்பிலே பட்டுச்சட்டை மின்னிற்றோ, அதே உடம்பு ஒரு முழத் துணியைக் கூலியாகக் கேட்கும்போது, அவையில் அழாதவர் இரார். இங்கே ஒரு சிறு வேடிக்கையையும் சொல்லிச் செல்கிறேன். சந்திரமதியின் கழுத்திலுள்ள தாலி அவள் கணவன் கண்ணுக்கன்றி வேறெவர்க்கும் தோன்றாது என்பது கதை. மேடையிலோ அத்தாலியை ஆயிரம் பேரும் காண்கின்றனர். கண்டும், யாரும் காணாத தாலி அது என்று ஒப்புக்கொண்டு அழுகின்றனர். வேடம் செய்ய முடியாததைச் சொல் செய்து முடிக்கின்றது; இதற்கு மிக்க சான்று எனக்குத் தெரிந்து வேறில்லை.

1910-ஆம் ஆண்டில் சுவாமிகள் சமரச சன்மார்க்க நாடக சபையைத் தொடங்கினார். பின்னாளில் இசையால் தென்னாட்டையே மயக்கிய எஸ். ஜி. கிட்டப்பா அங்குப் பயின்றவர்களுள் ஒருவர். வயது வந்த நடிகர்கள் சிலர் குடியாலும் ஒழுங்கின்மையாலும் தொழிலைக் கெடுத்ததைக் கண்டு சலித்த சுவாமிகள், சிறுவர்களைக் கொண்டே நாடகம் நடத்தும் பாலர் சபை முறையில் நம்பிக்கை வைத்தார். 1918-இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை எழுந்தது. டி. கே. சங்கரன், டி. கே. முத்துசாமி, டி. கே. சண்முகம் என்னும் சகோதரர் அவ்வாண்டே அதிற் சேர்ந்தனர். அவர்தம் தந்தை கண்ணுசாமிப் பிள்ளை பெண் வேடத்தில் பேர்பெற்றவர். சண்முகத்துக்கு அப்போது வயது ஆறு. அச்சிறுவன் அபிமன்யுவாக நடிப்பதற்கென்றே ஒரே இரவில் அபிமன்யு சுந்தரி நாடகம் முழுவதையும் சுவாமிகள் எழுதி முடித்தார் என்பது நாடக உலகம் மறவாத செய்தி.

பாலர் சபையில் வேடம் என்பது புதியதொரு சுமையாயிற்று. பத்து வயதுச் சிறுவன் இராவணனாக வேண்டும். பன்னிரண்டு வயதுச் சிறுவன் தமயந்தியாகிக் கணவனைப் பிரிந்து புலம்ப வேண்டும். டோப்பா முடியும் பொட்டும் வளையலும் புடவையும் அணிவித்து விடலாம். நடையையும் நோக்கையும் குரலையும் அணிவிப்பது எங்ஙனம்? சுவாமிகள் அதனைப் பாட்டாலும் வசனத்தாலும் செய்தார். சொற்கள் திருத்தமாக வாயில் வந்துவிட்டால் உடம்பு தானே பின்தொடரும் என்பது அவர் பயிற்சியின் அடிப்படை போலும். கண்டிப்பு மிக்க ஆசிரியர். உச்சரிப்பில் பிழை பொறார். பாலர் சபைகளால் விளைந்த நன்மையைப் பாராட்டும் நாம் அதன் துன்பத்தையும் மறைத்தல் ஆகாது. ஏழைக் குடும்பத்துச் சிறுவர் பள்ளியை விட்டு, தாயைப் பிரிந்து, இரவில் விழித்துப் பகலில் உறங்கி வளர்ந்தனர். பதினான்கு பதினைந்து வயதில் மகரக்கட்டு உண்டாகிக் குரல் உடைந்தால், நேற்றுவரை நாயகியாயிருந்தவனின் புடவையும் நகையும் மறுநாள் வேறொருவனுக்குப் போய்விடும். அவன் பக்கத்தில் நின்று அதனைப் பார்த்திருக்க வேண்டியதுதான். இம்முறைக்குப் பின்னால் வந்த பல பாலர் கம்பெனிகளிலிருந்தே எம். ஜி. இராமச்சந்திரன், சிவாஜி கணேசன் போன்றோர் தோன்றினர். ஆயினும் அவ்வாறு புகழ் பெறாது குரலிழந்து ஊர் திரும்பிய சிறுவர் எத்தனை பேர் என்று கணக்கெடுத்தார் இல்லை.

சுவாமிகளின் இறுதிக் காலம் இரங்கத்தக்கது. பக்கவாதம் தாக்கிக் கையும் காலும் நாவும் செயலற்றன. இடியென முழங்கிய அக்குரல், ஒரே இரவில் ஒரு நாடகத்தைப் பொழிந்த அந்நா, அடங்கிவிட்டது. சபை செல்லுமிடமெல்லாம் அவரையும் உடன் அழைத்துச் சென்றனர். புதுவையில் சபை நாடகம் நடத்திக்கொண்டிருந்த காலத்தில், 1922-ஆம் ஆண்டு நவம்பர் 13-ஆம் நாள் அவர் இறைவனடி சேர்ந்தார். அப்போது அவருக்கு வயது 55. புதுவைக் கருவடிக்குப்பத்தில் அவர் உடல் அடக்கம் செய்யப்பெற்றது.

அவர் மறைந்தபின் அவர் நாடகங்கள் சென்ற வழி நம் சேதுக் கரையை ஒட்டியது. 1914-இல் பாம்பன் பாலம் அமைந்து, தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னாருக்குக் கப்பல் ஓடத் தொடங்கியபின், இலங்கைக்குச் செல்வோர்க்கு அதுவே பெருவழியாயிற்று. நாடகத்தாரும் தம் உடைப்பெட்டிகளுடன் அக்கடலைத் தாண்டினர். 1926-இல் கொழும்பு மேடையிலேதான் கிட்டப்பாவும் கொடுமுடி கே. பி. சுந்தராம்பாளும் ஒருவரையொருவர் சந்தித்தனர், வள்ளி திருமணத்தில் வேலனும் வள்ளியுமாய் இணைந்து பாடினர், 1927-இல் மணந்தனர். 1933-இல் கிட்டப்பா 27 வயதிலே மறைந்தார். அன்று முதல் சுந்தராம்பாள் வெள்ளைக் கதராடையே உடுத்து, அணிகலன் துறந்து, 1980-இல் இறக்கும்வரை அக்கோலத்தை மாற்றவில்லை. ஆடவருடன் சோடியாக நடிப்பதையும் விட்டார். 1935-இல் வெளிவந்த திரைப்படத்தில் அவர் ஏற்ற வேடம் நந்தனார், அதாவது ஆண்வேடம். ஆசிரியர் வேடத்தைத் துறந்து கோவணம் பூண்டதையும், அவர் பாட்டால் வாழ்ந்த அம்மையார் வள்ளியின் பட்டைத் துறந்து வெள்ளை பூண்டதையும் அருகருகே வைத்து எண்ணாமலிருக்க இயலவில்லை.

அக்கரையில் யாழ்ப்பாணத்தாரும் இந்நாடகங்களைத் தமக்கே உரியனவாக்கிக் கொண்டனர். காங்கேசன்துறையைச் சேர்ந்த நடிகமணி வி. வி. வைரமுத்து மயான காண்டத்தில் அரிச்சந்திரனாக நின்று நெடுங்காலம் பாடியதை யாழ்ப்பாணத்து முதியோர் நெஞ்சுருகக் கூறுவர். கோலும் கறுப்புத் துணியுமாய் நிற்கும் அவ்வுருவத்துக்கு எத்தனை மைல் தூரத்திலிருந்து மக்கள் வண்டி கட்டி வந்தனர்! 1964 டிசம்பரிற் புயலடித்துத் தனுஷ்கோடி அழிந்தது. கப்பல் வழி மாறிற்று; பின்னர் நின்றும் போயிற்று. பாட்டு மட்டும் இரு கரையிலும் தங்கியது.

இனி, இந்நாளைய ஸ்பெஷல் நாடகத்தின் உடைப்பெட்டியைச் சிறிது திறந்து பார்ப்போம். ராஜபார்ட்காரரிடம் பெரும்பாலும் இரண்டு மூன்று உடைகளே உண்டு. ஜிகினா வைத்துத் தைத்த ஒரே சட்டையில் இன்று முருகனாகவும், நாளை அர்ச்சுனனாகவும், மறுநாள் கோவலனாகவும் அவர் நிற்பார். கற்றோர் சிலர் இதனைக் கண்டு நகைப்பர். கோவலன் வணிகன் அல்லவா, அவனுக்கு ஏது கிரீடம் என்பர். கேள்வி நியாயமானதே. ஆயினும் ஸ்பெஷல் நாடகத்தின் நிலையை நோக்குக. எதிரே நிற்கும் ஸ்திரீபார்ட்காரி அன்று மாலைவரை அவரைக் கண்டதில்லை. மேடைக்கு வருபவர் யார், எந்த வேடத்தார் என்பது கண்ட நொடியிலே அவளுக்கும் மத்தளக்காரர்க்கும் அவையோர்க்கும் ஒருங்கே தெரிந்தாக வேண்டும். எல்லாக் கம்பெனிகளுக்கும் பொதுவாகிய பாடம் சுவாமிகள் தந்தது; எல்லா நடிகர்க்கும் பொதுவாகிய உடை அப்பாடத்தைத் தொடர்ந்து வந்தது. அவ்வுடைக்குச் செலவு குறைவு. ஒரு தையற்காரர் ஊரிலேயே தைத்துவிடுவார். ஒரு பெட்டியில் அடங்கும். பேருந்தின் மேற்கூரையில் ஏற்றிச் செல்லலாம். பெரும் பொருளைக் கொட்டி மெய்யான தேரும் யானையும் மேடையேற்றிய கம்பெனிகளின் உடைமைகள் கடனுக்கும் தீக்கும் இரையாகி மறைந்தன. பெட்டியில் அடங்கிய நாடகம் மறையவில்லை.

மின்விளக்கு வந்தபின் முகப்பூச்சும் மெலிந்தது. எமனுக்கும் சனிக்கும் முன்போற் கரி பூசுவாரில்லை. மேலிருந்து விழும் ஒளியில் அவர்கள் முகம் மனித முகமாகவே தோன்றுகின்றது. நள்ளிரவுக்கு மேல், பபூனும் நடனக்காரியும் ஆடி ஓய்ந்தபின், நாரதர் மேடைக்கு வருவார். ஒரு காவித்துணி, ஒரு தம்பூரா, ஒரு சிப்ளாக்கட்டை. அவ்வளவே அவர் வேடம். சுவாமிகளின் பாட்டைத் தொடங்குவதற்கு முன் அவர் பெயரைச் சொல்லி வணங்குவோர் இன்றும் உண்டு. புதுவைப் பல்கலைக்கழகத்தில் நாடகம் கற்பிக்கும் பள்ளிக்கும் அப்பெயரே வழங்கப்பட்டிருக்கின்றது. அங்கே பயிலும் மாணவர்களுக்கு உடையமைப்பும் ஒப்பனையும் பாடங்களாகவே அமைந்துள்ளன. அவர் அடக்கமாகிய கருவடிக்குப்பம் அப்பள்ளியிலிருந்து நெடுந்தொலைவன்று.